பிளவுபடு சறுக்குமடல்: வன்னிக் குளக்கட்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பனிமலையில் ஏறிச் சறுக்குவோரின் பலகை நெடுக்கே இரண்டாகப் பிளக்கும். பாதிகளைக் காலுக்கொன்றாகக் கட்டி, அடியில் வழுக்காத பட்டை ஒட்டி மேலே ஏறுவர். உச்சியில் பட்டையை உரித்து, பாதிகளைப் பூட்டி, ஒரே பலகையாக்கிப் புதுப்பனியில் இறங்குவர். பெயர் ஸ்பிளிட்போர்ட். ஆறு பெரும்பொழுதில் முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே ஒதுக்கிய தமிழர் இதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள் என்பது இவ்வாய்வின் முடிவு. முடிவு முதலிலேயே கிடைத்துவிட்டதால் சான்று தேடுவது இலகுவாயிற்று. இம்முறையியலை மூத்த பேராசிரியர்களின் கருத்தரங்கக் கட்டுரைகளிலிருந்து கற்றோம்.

ஆய்வுக்களம் இலங்கையின் வன்னி. கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டு வேலை தொடங்கிய இரணைமடு, பேராற்றின் முத்தையன்கட்டு, பாலியாற்றின் வவுனிக்குளம், இவற்றோடு பெயர்ப்பலகைகூட இல்லாத ஊர்க்குளங்கள். கட்டின் நீர்ப்பக்கம் கல் பதித்தது. அதில் சறுக்கியவர் மறுமுறை சறுக்கியதாகத் தகவல் இல்லை. வயற்பக்கம் புல். ஆடி, ஆவணியில் அது காய்ந்து, மேலே கிரவல் புழுதி படிந்து கிடக்கும். வன்னிக்குப் புதுப்பனி இதுவே. 1895ஆம் ஆண்டு வன்னி மாவட்டங்களின் கையேட்டை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் கட்டில் ஏறியிருப்பார். எப்படி இறங்கினார் என்பதே ஆய்வுலகின் இடைவெளி. அதில் நாம் குடியேறுகிறோம்.

வாகனங்களுள் பனை மட்டைக்கு இரு கரையிலும் கருக்கு உண்டு. விலக்குக. தகரத்தையும் விலக்குக, மருந்து கட்டியவர்களின் கருத்தும் அதுவே. தென்னம் மட்டை சறுக்கும், ஆனால் இருப்பவருக்கும் அதற்கும் உடன்பாடு நீடிப்பதில்லை.

எஞ்சுவது கமுகம் மடல். ஓலை பழுத்து விழும்போது தண்டைச் சுற்றியிருந்த மடலும் சேர்ந்து விழும். அன்று விழுந்ததே உத்தமம். காய்ந்தால் கரைகள் உட்சுருண்டு, இருப்பவரை ஏடுபோல் சுருட்டப் பார்க்கும். அப்போது தண்ணீரில் ஊறப்போட்டு நிமிர்த்துக. அகலத்தைப் பலகைக்காரர் சப்பாத்தை வைத்து அளப்பர். நாம் அளக்கும் உறுப்பு வேறு. புதுப்பனியில் பலகையின் மூக்கு புதையாதிருக்க அவர்கள் பாரத்தைப் பின்காலில் வைப்பர். இங்கும் பின்சாய்வதே விதி, ஆனால் புழுதியில் புதைவது பலகையின் மூக்கன்று.

ஏறும்போது அதே மடலைத் தலையில் கவிழ்த்தால் வெயிலுக்குத் தொப்பி. ஏற்றத்துக்கு ஓர் உரு, இறக்கத்துக்கு ஓர் உரு. பிளவு எங்கே என்பாருக்கு: அவர்கள் பலகையைத் தொழிற்சாலையில் பிளக்கிறார்கள், நம் மடல் சில சறுக்கில் தானே நெடுக்காகப் பிளக்கும். மீண்டும் பூட்டுவது மட்டும் இன்னும் கைகூடவில்லை. அது மேலாய்வுக்குரியது.

இனித் தலையாய சிக்கல். ஓலைத்தண்டு முன்னால் இருக்க வேண்டுமா, பின்னாலா? முன்னால் என்போர் கடிவாளக் கொள்கையினர். தண்டைக் கால்களுக்கிடையே இழுத்துப் பிடித்தால் மடல் சொல்வழி கேட்கும் என்பர் (கறையான் அரித்த ஏடு, அரிக்காத பக்கம்). பின்னால் என்போர் சுக்கான் கொள்கையினர். தண்டு பின்னே இழுபட்டுத் திசை காட்டும் என்பர் (மேற்படி ஏடு, அரித்த பக்கம்). இவ்விரண்டையும் மறுத்து, தண்டை வெட்டியே எறிய வேண்டும் என்னும் மூன்றாம் கொள்கையும் உண்டு (மேற்படி ஏடு, கறையானின் இரைப்பை, தென்கிழக்கு மூலை, கரிக்கோட்டு அடிக்குறிப்பு). நாலாவது கொள்கை, சறுக்கவே கூடாது என்பது (பெரியம்மா, வேலிக்கு மேலாலான வாய்மொழி, திருத்திய இரண்டாம் பதிப்பு, தும்புத்தடியுடன், படலையடியில் வெளியீடு). தொலைவில் கிடக்கும் சொற்களை இழுத்துக் கூட்டும் நச்சினார்க்கினியர் வழியைக் கைக்கொண்டால் நான்கும் ஒன்றே என நிறுவிவிடலாம். ஆனால் அப்படி நிறுவினால் அடுத்த கருத்தரங்குக்குப் பொருளில்லாமற் போய்விடும். போக்குவரத்துப் படியும் போய்விடும். எனவே நான்கையும் தனித்தனியே காப்பதே தமிழுக்குச் செய்யும் தொண்டு.

உரப்பையைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். யூரியா வந்த பையைக் கழுவி, உள்ளே வைக்கோல் திணித்து, வாயைக் கட்டி ஏறியிருந்தால் கருக்கு இல்லை, பிளவு இல்லை, சுருளல் இல்லை. 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயல் பட்ட பாட்டை எல்லாரும் எழுதினார்கள். குளக்கட்டுப் போக்குவரத்து பட்ட பாட்டை ஒருவரும் எழுதவில்லை. நாமும் எழுதப்போவதில்லை. உரப்பைக்கு ஏட்டுச்சான்று இல்லை, ஆகவே அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. கட்டில் இப்போது சறுக்கும் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் சறுக்குகிறார்கள் என்பது நமது முடிவைப் பாதிக்காது.