காமர்ஸ் குரூப் பிள்ளைகளுக்குக் கிடையாது

பம்பாய் வில்சன் கல்லூரியின் கணக்கு வாத்தியார் ரகுநாத் தோண்டோ கார்வே, கணக்கோடு நின்றிருந்தால் நிம்மதியாக ரிட்டையர் ஆகியிருப்பார். மனிதர் 1921-இல் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். மிஷனரிக் கல்லூரி அவரை வீட்டுக்கு அனுப்பியது. 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்று பத்திரிகை நடத்தினார். வைதிக இந்துக்கள் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். மதநல்லிணக்கத்துக்கு இவ்வளவு பாடுபட்டவர்கள் குறைவு. 1934-இல் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். அப்படியும் தோல்விதான். பெண்கல்விக்கு உழைத்த அப்பா கார்வேக்கு 1958-இல் பாரத ரத்னா. மகனுக்கு அபராத ரசீது.

அப்புறம் பாலியல் கல்வி என்கிற இந்தச் சமாச்சாரம் பள்ளிக்கூட வாசலை மிதிக்க 2005 ஆகிவிட்டது. அதுவும் எய்ட்ஸின் சிபாரிசில். 'வளரிளம் பருவக் கல்வித் திட்டம்' என்று, யாருக்கும் கிளுகிளுப்பு வந்துவிடாதபடி பெயர் வைத்தார்கள். பலிக்கவில்லை. கையேட்டில் உடம்புப் படம் இருந்ததைப் பெரியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2007-இல் காங்கிரஸ் ஆண்ட மகாராஷ்டிரமும் பா.ஜ.க. ஆண்ட மத்தியப் பிரதேசமும் ஒரே குரலில் 'கூடாது' என்றன. காவிரிக்கும் கிருஷ்ணாவுக்கும் வராத ஒற்றுமை.

விவகாரம் மனுவாகி, வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவிடம் போனது. 2009-இல் தீர்ப்பு வந்தது: பாலியல் கல்வி நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது. எச்.ஐ.வி. பற்றிச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் பிளஸ் டூ உயிரியலில் சொல்லிக்கொள்ளலாம். (காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகளை வைரஸ் பெருந்தன்மையாக விட்டுவிடும் போலிருக்கிறது.) பதிலுக்கு மகான்கள், விடுதலை வீரர்களின் வாழ்க்கையைப் பாடமாக வைக்கச் சொன்னார்கள்.

இங்கேதான் குழு சறுக்கியது. விடுதலை வீரர் என்றதும் பிள்ளைகள் முதலில் புரட்டப்போவது சத்திய சோதனையை. பதின்மூன்று வயதில் கல்யாணம், இளம் கணவனின் தவிப்பு, அப்பா உயிர் பிரிந்த இரவில் தான் எங்கே இருந்தோம் என்பதுவரை காந்தி ஒன்றையும் ஒளிக்கவில்லை. அந்தக் கையேடு அவர் முன்னால் பச்சைக் குழந்தை.

2014-இல் ஹர்ஷ வர்தனின் முறை. டில்லிப் பள்ளிகளுக்கான அவர் திட்டத்தில் யோகா கட்டாயம். 'பாலியல் கல்வி என்று சொல்லப்படுவது' தடை. ஆபாசத்தைத்தான் சொன்னேன் என்று பிற்பாடு விளக்கம் வேறு. அவர் அப்போது மத்திய சுகாதார அமைச்சர். படித்து வாங்கிய பட்டப்படி காது மூக்கு தொண்டை மருத்துவர். தொண்டைக்குக் கீழே நடப்பதற்கு அவர் என்ன செய்வார், பாவம்.