பழம் பொறுக்கியவருக்குப் பட்டம்

பத்தாம் நூற்றாண்டில் காஷ்மீர் சிம்மாசனத்தில் ஆயுள் கெட்டியாக யாரும் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. 939-ல் கமலவர்த்தனன் என்றொரு தளபதி ஜெயித்து வந்தார். சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்தான் ராஜா. மரியாதைக்கு, 'யாரை அரசராக்கலாம்?' என்று அந்தணர் சபையைக் கேட்டுவைத்தார். அவர்களும் நன்றாக யோசித்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

950-ல் பட்டத்துக்கு வந்தவர் க்ஷேமகுப்தன். குடி, சூதாட்டம், நரி வேட்டை மூன்றையும் முழுநேரமாகக் கவனித்ததால் ராஜ்ஜியத்துக்கு நேரம் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள, பக்கத்து மலைக்கோட்டையான லோஹராவிலிருந்து வந்த ராணி திட்டா இருந்தார். நடக்க முடியாதவர்; வல்கா என்ற பெண்தான் அவரைச் சுமந்து திரிவாள். ராஜாவோ நாணயத்தில் தன் பெயருக்கு முன்னால் மனைவியின் முதலெழுத்தைப் போட்டு 'தி க்ஷேம' என்று அச்சடித்தார். இனிஷியலாகப் பெண்டாட்டி பெயர் போட்ட புருஷனை இன்றைக்கும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

958-ல் நரி வேட்டைக்குப் போன இடத்தில் ராஜாவுக்குக் காய்ச்சல் கண்டது. போய்ச் சேர்ந்தார். உடன்கட்டை ஏறப்போவதாகத் திட்டா சொன்னதும், மந்திரி பல்குணன் 'பேஷாகச் செய்யுங்கள்' என்று அந்த நிமிஷமே சம்மதித்தார். அவர் மகளும் ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். திட்டா மேல் ஏற்கெனவே கடுப்பு. நரவாகனன் என்ற இன்னொரு மந்திரி கெஞ்சித் தடுத்துவிட்டார். அதன் பிறகு காஷ்மீரில் நாற்பத்தைந்து வருஷம் திட்டா சொன்னதுதான் சட்டம்.

மகன் அபிமன்யு 972-ல் இறந்தான். பேரன்கள் மூன்று பேர் வரிசையாக அரியணை ஏறி, வரிசையாகச் செத்தார்கள். பாட்டியின் கைங்கரியம்தான் என்கிறார் காஷ்மீர் சரித்திரம் எழுதிய கல்ஹணர். அவர் இதை எழுதியது ஒன்றரை நூற்றாண்டு கழித்து. ராணிமேல் அவருக்குப் பிரியமும் கிடையாது. ஆனாலும் மூன்று பேரன் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

980-லிருந்து திட்டாவே அரியணையில் உட்கார்ந்தார். பூஞ்ச் பக்கம் எருமை மேய்த்துக்கொண்டிருந்த துங்கன், கடிதம் சுமக்கும் வேலைக்கு வந்தான். ராணியின் கண்ணில் பட்டான். சர்வாதிகாரி என்ற முதன்மந்திரி பதவிக்கே போனான். ராணியின் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவனான விக்ரகராஜனுக்கு இது பொறுக்கவில்லை. அந்தணர்களை உண்ணாவிரதம் உட்காரவைத்தான். ராணி தங்கத்தை அனுப்பினார். விரதக்காரர்களுக்குப் பசி எடுத்துவிட்டது.

வாரிசு தேடும் பரீட்சையையும் அவர் தன் பாணியிலேயே வைத்தார். சகோதரன் பிள்ளைகளைக் கூட்டி, பழங்களைக் கொட்டி, 'யார் அதிகம் எடுக்கிறீர்கள், பார்ப்போம்' என்றார். பையன்கள் கட்டிப் புரண்டார்கள். சங்கிராமராஜன் கையில் மட்டும் நிறையப் பழம், உடம்பில் கீறல்கூட இல்லை. எப்படி என்று கேட்டால், மற்றவர்களைச் சண்டைக்கு மூட்டிவிட்டுத் தான் பொறுக்கிக்கொண்டதாகச் சொன்னான். அத்தை மனம் குளிர்ந்து அவனையே வாரிசாக்கினார்.

1003-ல் திட்டா கண்ணை மூடுமுன், சங்கிராமராஜனும் துங்கனும் ஒருவருக்கொருவர் தீங்கு நினைப்பதில்லை என்று தீர்த்தம் குடித்துச் சத்தியம் செய்தார்கள். சத்தியம் சில வருஷம் தாங்கியது. பிறகு அரண்மனையிலேயே துங்கனையும் அவன் மகனையும் வெட்டிப்போட்டார்கள். கல்ஹணர் கை காட்டுவது ராஜாவைத்தான்.