கண் பார்த்து வாங்குதல்

பழுப்புத்தலைக் கடற்காகம் கொழும்புக்கு வரும்போது அதன் தலையில் பழுப்பு இருக்காது. திபெத் மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் காலத்துக்கு மட்டும்தான் அந்தத் தொப்பி. மாரிக்கு இங்கே வந்திறங்கும்போது தலை வெளுத்து, காதடியில் ஒரு கறை மட்டும் மிஞ்சியிருக்கும். ஊரைவிட்டு வெள்ளவத்தைக்கு வந்தபின் என் தலைக்கும் இதே கதிதான். கடற்காகத்துக்கு வசந்தத்தில் நிறம் திரும்பும். எனக்குப் போத்தலில் வாங்கிப் பூசவேண்டும்.

இதே சாயலில் கருந்தலைக் கடற்காகம் என்று இன்னொன்று உண்டு. இலங்கையில் காணக் கிடைப்பது அரிது. அதுவும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வரும்; காதடியில் அதே கறை. ஆள் கொஞ்சம் சின்னன், சொண்டு மெல்லிசு. பழுப்புத்தலைக்குக் கண் வெளிறல், இதற்குக் கறுப்பு. தெருவுக்கு அந்தப்பக்கம் வரும் பஸ்ஸின் இலக்கமே தெரியாத நான், இந்தக் கண்ணைப் பார்க்கக் கிளம்பினேன்.

பேர வாவியில் ஒன்று நிற்கிறதாம் என்று கொட்டாஞ்சேனை நண்பர்தான் சொன்னார். இரவல் பைனாகுலரோடு 101 பஸ்ஸில் ஏறினேன். "தனிய விட்டால் தேத்தண்ணிக் கடையிலதான் குந்துவியள்" என்று மனுசியும் கூட வந்தா. வாவியில் கூழைக்கடா இருந்தது, நீர்க்காகம் இருந்தது. கடற்காகம் இல்லை. "அப்ப காக்கைதீவிலதான் நிக்கும்" என்றார் நண்பர், தானே அதை அனுப்பி வைத்தவர் மாதிரி. மட்டக்குளிக்கு ஓட்டோ பிடித்தோம். காசு நான்தான் கொடுத்தேன்.

களனி கங்கை கடலில் விழும் இடத்தில், மணலில் ஒரு கூட்டமே காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தது. பைனாகுலரில் எனக்குத் தெரிந்தது என் இமைமயிர். மனுசி வெறுங்கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்தா. வெள்ளவத்தைச் சந்தையில் பாரையின் கண்ணைப் பார்த்து வியாபாரியை நடுங்க வைக்கிறவ.

"எல்லாம் கண் வெளுத்துப்போச்சு. முந்தநாளையான்."

பிறகு விரலை நீட்டினா. "அந்தா, கரையில நிக்கிறது. கண் கறுப்பு. அது புதுசு!"

நண்பர் துள்ளினார். நானும், எதைப் பார்த்தென்று தெரியாமலே, துள்ளினேன். துள்ளிமுடிந்த பிறகுதான் அவர் புத்தகத்தைத் திறந்தார்: பழுப்புத்தலையின் இளசுக்கும் கண் கறுப்புத்தானாம். தீர்ப்புச் சொல்லவேண்டியது சிறகு. கருந்தலையென்றால் சிறகின் முன்விளிம்பு நுனிவரை வெள்ளையாய் ஓடும்.

அது பறக்கிற எண்ணத்தில் இல்லை. வெயிலில் காய்ந்தோம். கடைசியில் ஒரு நாய் புண்ணியம் கட்டிக்கொண்டது. கூட்டம் எழும்ப, நுனி முழுக்கக் கறுப்பு. பழுப்புத்தலைதான், இளசு.

"இளசெண்டால் புதுசுதானே? நான் என்ன பிழையே சொன்னனான்?" என்றா மனுசி.

கருந்தலையைத் தேடிப் போகிறவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில், காலையிலேயே போங்கள், சிறகைப் பாருங்கள். கண் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அவ சந்தைக்குப் போய்விடுவா.