மூழ்கிய பம்பு

பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழன்தோறும் கூட்டம் அலைமோதும். வேலை, கல்யாணம், விசா என்று நீளும் வேண்டுதல் பட்டியலில் குழாய்த் தண்ணீருக்கும் ஓர் இடம் உண்டு என்றே நினைக்கிறேன்.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் வானம் அந்த வேண்டுதலைக் கொஞ்சம் அதிகமாகவே நிறைவேற்றியது. பெங்களூர் வெளிவட்டச் சாலையில் கணினிப் பொறியாளர்கள் டிராக்டர் ஏறி அலுவலகம் போனார்கள். தெருவில் இடுப்பளவு தண்ணீர். நகரின் பல பகுதிகளில் குழாயில் வெறும் காற்று. காரணம், மண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்தில் வெள்ளம் புகுந்து, காவிரியை ஊருக்கு அனுப்பும் பம்புகளே மூழ்கிவிட்டன. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் என்று காவிரியைத் தூக்கிவரும் ஏற்பாட்டைத் தண்ணீரே நிறுத்திவிட்டது! அப்போதைய கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மை நேரில் போய்ப் பார்த்தார். பம்புகள் அதற்காக உடனே ஓடிவிடவில்லை.

மூழ்கிய மோட்டாருக்குப் பதவி தெரியாது. தண்ணீரை இறைக்க வேண்டும், சேற்றைக் கழுவ வேண்டும், சுருள்களைச் சூடேற்றி உலர்த்த வேண்டும், மின்காப்பை மெகர் கருவியால் சோதிக்க வேண்டும். அதற்குமுன் "சும்மா ஒரு தடவை போட்டுப் பாருப்பா" என்று சொல்கிற மேலதிகாரி ஒருவர் எல்லாத் தொழிற்கூடத்திலும் இருப்பார். வெள்ளம் மிச்சம் வைத்ததை எரிப்பவர் அவர்தான்.

தொழிற்கூடம் வைத்திருப்பவர்களே, மின்பலகையைத் தரைத்தளத்திலிருந்து மேலே ஏற்றுங்கள். அந்த மேலதிகாரியை ஸ்விட்சுக்கு எட்டாத தூரத்தில் உட்காரவையுங்கள்.