ஆறு லட்ச ரூபாய் வேகப்பிரியர்

ஹைதராபாத் நகரில் கார் வாங்குவோரை மூன்று வகையினராகப் பிரிக்கலாம். வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று மட்டும் கேட்டு வாங்குவோர் முதல் வகையினர்; அக்கம்பக்கத்தார் கண்ணில் படுமளவுக்கு வண்டி பெரிதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவோர் இரண்டாம் வகையினர். மூன்றாம் வகையினர் எண்ணிக்கையில் குறைவு, பேச்சில் மிகுதி: கையில் ஆறு லட்ச ரூபாயை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ பத்தாண்டு ஓடிய இரண்டு வேகக் கார்களில் எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் ஆராய்பவர்கள். அவர்களுள் ஒருவரே இங்கு வேகப்பிரியர் எனப்படுகிறார்.

வேகப்பிரியர் முப்பத்தைந்தைக் கடந்தவர், மென்பொருள் நிறுவனமொன்றில் நல்ல பதவியில் இருப்பவர், செகந்திராபாத்தில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வசித்துவரும் பத்மாராவ் நகரில் குடியிருப்பவர். செகந்திராபாத் கிழக்கு நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் ராயதுர்கத்தில் இறங்கி அலுவலகத்தை அடைந்துவிடலாம் என்பதாலும், குடும்பத்தோடு வெளியே செல்ல வீட்டில் ஏற்கெனவே ஒரு வேகன் ஆர் நிற்பதாலும், இன்னொரு கார் வாங்குவதற்கான தேவை எதுவும் அவருக்கு இல்லை. தேவை இருந்திருந்தால் அவசரம் இருந்திருக்கும். அவசரம் இருந்திருந்தால் இவ்வளவு விரிவான ஆராய்ச்சிக்கு இடம் இருந்திராது.

ஆராய்ச்சிக்கு உட்படும் கார்கள் இரண்டே. ஒன்று, ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2013இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ. மற்றொன்று, ஃபியட் நிறுவனம் 2015 அக்டோபரில் டெல்லி ஷோரூம் விலையாக 9.95 லட்ச ரூபாய்க்கு வெளியிட்ட அபார்த் புன்ட்டோ. முன்னது 1.2 லிட்டர் எஞ்சினும் 105 குதிரைத்திறனும் கொண்டது; பின்னது 1.4 லிட்டர் எஞ்சினும் 145 குதிரைத்திறனும் கொண்டது. இரண்டிலும் டர்போ உண்டு. அதாவது, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழலும் சிறு விசிறி ஒன்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதால், சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினுக்குரிய வலுவைத் தருகிறது. இரண்டு கார்களும் புனே மாவட்டத்தில் உருவானவையே, முன்னது சாக்கனில், பின்னது ரஞ்சன்காவில். ஆயினும் வேகப்பிரியரின் வாயில் ஒன்று ‘ஜெர்மன்’, மற்றது ‘இத்தாலியன்’. மராட்டிய மண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் வழங்கப்படுவதில்லை.

இவ்விரு கார்களின் சிறப்புகளை விடவும் குறைகளிலேயே வேகப்பிரியர் ஆழ்ந்த புலமை பெற்றிருக்கிறார். போலோவில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஆகும். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச் என்று இரண்டு இருப்பதால், ஒரு கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது ஆயத்தமாக நிற்கும். கியர் மாறுவதே தெரியாது. ஆனால் இக்கிளட்சுகள் எண்ணெயில் மூழ்காத உலர் வகையைச் சேர்ந்தவை என்பதால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்லும்போது சூடேறித் தேய்கின்றன. அவற்றை ஆட்டிவைக்கும் மெக்கட்ரானிக் என்ற மின்னணுப் பகுதியும் சில வேளைகளில் செயலிழப்பதுண்டு. இக்கியர்பாக்ஸுக்காக 2013இல் சீனாவில் மட்டும் சுமார் 3.84 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்ட செய்தியை வேகப்பிரியர் கல்யாணப் பந்தியில்கூட எடுத்துரைக்க வல்லவர். அபார்த்தின் சிக்கல் வேறு வகைப்பட்டது. ஃபியட் நிறுவனம் 2019இல் இந்தியாவில் கார் விற்பனைக்கு முழுக்குப் போட்டுவிட்டது. அதன் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் மாருதி ஸ்விஃப்ட் முதலிய பல கார்களில் ஓடியதால் அதற்கான உதிரிபாகங்கள் மூலைக்கு மூலை கிடைக்கின்றன. அபார்த்தின் பெட்ரோல் டர்போ எஞ்சினுக்கோ லீனியா டி-ஜெட் போன்ற ஓரிரு அபூர்வ வண்டிகளைத் தவிர இந்நாட்டில் உறவினர் இல்லை. சுருங்கச் சொன்னால், ஒன்றுக்குப் பழுது எப்போது வரும் என்று தெரியாது, மற்றதற்குப் பழுது வந்தால் பாகம் எப்போது வரும் என்று தெரியாது.

நிறுவனங்களின் கணக்குப்படி, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு அபார்த் 8.8 விநாடிகளும் போலோ 9.7 விநாடிகளும் எடுத்துக்கொள்கின்றன. வித்தியாசம் 0.9 விநாடி. இந்த ஒரு விநாடிக்கும் குறைந்த இடைவெளியைப் பற்றி வேகப்பிரியர் சென்ற தீபாவளியிலிருந்து பேசிவருகிறார் என்பதும், அடுத்த தீபாவளிக்குள் பேசி முடிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதும் அவருடைய அலுவலக நண்பர்கள் ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் உண்மைகள்.

இந்த 0.9 விநாடியை நகரின் எந்த இடத்தில் மிச்சப்படுத்துவது என்பது தனி ஆய்வுக்குரியது. மாலை ஆறரை மணிக்கு மைண்ட்ஸ்பேஸ் சந்திப்பிலிருந்து பயோடைவர்சிட்டி சந்திப்பை நோக்கிச் செல்லும் எந்தக் காரும், அது எந்த நாட்டுப் பெயரால் வழங்கப்பட்டாலும், முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையில்தான் வாழ்ந்தாக வேண்டும். வேகத்துக்காகச் செய்யப்பட்ட போலோவின் கியர்பாக்ஸ் இங்கு வேகமின்மையால் தேய்கிறது. சாலையோடு ஒட்டிச் செல்வதற்காகத் தரையிலிருந்து 155 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தப்பட்ட அபார்த்தோ, குடியிருப்புச் சங்கங்கள் தம் விருப்பம்போல் எழுப்பியுள்ள வேகத்தடைகளில் அடிவயிறு உராய்கிறது. எஞ்சியிருப்பது, நகரைச் சுற்றி 158 கிலோமீட்டருக்கு வளைந்து செல்லும் வெளிவட்டச் சாலை மட்டுமே. அங்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். மீறினால் கேமரா படம் எடுக்கும், அபராதச் சலான் கைப்பேசிக்கு வரும். சட்டம் அனுமதிக்கும் இந்த 120ஐ, சற்றே நடுங்கியபடியாயினும், வீட்டிலுள்ள வேகன் ஆரும் எட்டிவிடும் என்ற உண்மை வேகப்பிரியரின் முன்னிலையில் சொல்லத்தக்கதன்று.

காரை வைத்திருப்பதும் காரை ஓட்டுவதும் வெவ்வேறு செயல்கள் என்ற கொள்கைக்கு இந்நகரில் அரச மரபே உண்டு. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் சொல்லிச் செய்வித்த 1912ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட், பின்புறம் அரியணை போன்ற இருக்கை கொண்டது; வண்டி முடிவதற்குள் 1911இல் அவர் காலமாகிவிட, அது அவர் மகன் உஸ்மான் அலி கானிடம் வந்து, பல பத்தாண்டுகளில் சில நூறு மைல்களே ஓடியது. இன்று சௌமஹல்லா அரண்மனையில் அதைக் காணும் சுற்றுலாப் பயணிகள் வியக்கலாம், வேகப்பிரியர் வியப்பதில்லை. ‘குறைந்த ஓட்டம், ஒரே குடும்பத்தின் பராமரிப்பு’ என்று அவர் மனத்துக்குள் விளம்பரம் எழுதிக்கொள்கிறார்.

பழைய வண்டியைச் சோதிக்கும் சடங்கு வேகப்பிரியரின் புலமை முழுமையாக வெளிப்படும் தருணம் ஆகும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது கிளப்பிப் பார்த்தால்தான் அதன் உண்மைக் குரல் கேட்கும் என்பது விதி; ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கூகட்பல்லியில் உள்ள அடுக்ககத்தின் தூண்தளத்துக்குச் சென்று, வணக்கம் சொல்வதற்கு முன்பாகப் பானட்டின் மேல் உள்ளங்கையை வைக்கிறார். வண்டியைக் காட்ட வந்த தரகர் ஐந்தரைக்கே ஒருமுறை கிளப்பி வைத்திருப்பார் என்பதால் பானட் வெதுவெதுப்பாகவே இருக்கும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. பிறகு டயரின் பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களைப் படிக்கிறார். 3218 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் முப்பத்திரண்டாம் வாரத்தில் தயாரான டயர் என்பது பொருள். நான்கு கதவுக் கண்ணாடிகளின் முத்திரைகளையும் ஒப்பிடுகிறார்; ஒன்று மட்டும் பிந்திய ஆண்டைக் காட்டினால் அக்கதவு ஒரு காலத்தில் அடிபட்டிருக்கலாம். இந்நகரில் பதிவான வண்டியின் நம்பர் பிளேட்டில் ஏபி என்றிருந்தால் 2014 ஜூனில் தெலங்கானா பிறப்பதற்கு முன் பதிவானது, டிஎஸ் என்றிருந்தால் பின்னது என்று உடன் வந்த நண்பருக்கு விளக்குகிறார். இறுதியாக, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சிறு கருவியைச் செருகி, வண்டியின் கணினி நினைவில் வைத்திருக்கும் பழுதுக் குறிப்புகளைக் கைப்பேசியில் வாசிக்கிறார். தரகர் இவ்வளவையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, வண்டி பிரமாதம் என்பதை ஹைதராபாத் தக்கணி மொழியில், “காடி ஏக்தம் மஸ்த் ஹை, பாய்” என்ற ஒரே வாக்கியத்தில் முடிக்கிறார். அவருடைய சோதனையும் அவ்வளவுதான்.

வீட்டில் நடைபெறும் விவாதம் இதைவிடச் சுருக்கமானது, ஆனால் கூர்மையானது. எஞ்சின் வலு முதல் பிரேக் தட்டின் அளவு வரை இரண்டு கார்களையும் எதிரெதிர்க் கட்டங்களில் நிறுத்திய ஒப்பீட்டு அட்டவணையை மடிக்கணினியில் காட்டியபோது, மனைவி அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, “ஏங்க, இந்த ரெண்டுல அம்மா எதுல ஏறி இறங்குவாங்க?” என்று கேட்டார். அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. அன்றிரவே ‘முதியோர் ஏறி இறங்கும் வசதி’ என்றொரு கட்டம் சேர்க்கப்பட்டு, அதற்கு மொத்த மதிப்பெண்ணில் இரண்டு சதவீதம் ஒதுக்கப்பட்டது.

சம்பந்தப்பட்ட முதியவருக்கு வேறு கவலை இருந்தது. அபார்த்தின் முகப்பில் தேள் சின்னம் இருப்பதைப் படத்தில் பார்த்த தாயார், “ஏண்டா, வண்டியில போயி யாராச்சும் தேளை ஒட்டுவாங்களா?” என்றார். நிறுவனத்தைத் தோற்றுவித்த கார்லோ அபார்த் 1908 நவம்பர் 15 அன்று பிறந்தவர், மேலைநாட்டு வழக்கப்படி விருச்சிக ராசிக்காரர், ஆகவே அச்சின்னம் என்று வேகப்பிரியர் வரலாற்று நோக்கில் விளக்கினார். தாயார் சற்று யோசித்துவிட்டு, “அனுஷமா, கேட்டையா?” என்று கேட்டார். வாகனத்துறை இலக்கியம் முழுவதையும் கற்றவருக்கு இக்கேள்விக்கு விடை தெரியவில்லை.

இத்தகைய ஆராய்ச்சி தீர்ப்பில் முடிவதில்லை என்பதே இவ்வகையினரைக் கூர்ந்து நோக்குவோர் கண்டறியும் உண்மை. போலோவே அறிவுக்கு உகந்தது என்று வெள்ளிக்கிழமை முடிவாகிறது. அபார்த்தின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங், அதாவது மின்மோட்டாரின் துணையின்றி எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிச் சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் உள்ளங்கைக்குச் சொல்லும் அமைப்பு, இனிப் புதிய கார்களில் கிடைப்பது அரிது என்று சனிக்கிழமை அம்முடிவு தள்ளுபடியாகிறது. இதற்கிடையில், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்ட ஒருவர் செவ்வாய்க்கிழமை வந்து, ஐம்பதாயிரம் குறைத்துப் பேசி, போலோவை ஓட்டிச் சென்றுவிடுகிறார். மிஞ்சுவது அபார்த். தாம் முதலிலிருந்தே தேடியது அதைத்தான் என்பதை வேகப்பிரியர் புதன்கிழமை கண்டுகொள்கிறார். அட்டவணையும் அதற்கேற்பத் திருத்தப்படுகிறது. ஆறு லட்சம் என்ற எல்லை கடைசிவரை மீறப்படவில்லை. டயர், கிளட்ச், காப்பீடு, டைமிங் பெல்ட் ஆகியவை ‘கார் விலை’ என்ற தலைப்பில் சேராதவை என்பதால் அவற்றுக்கான ஒரு லட்சத்துச் சில்லறை, குடும்பக் கணக்கில் ‘இதர செலவு’ எனப் பதிவாகிறது.

நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஸ்கந்தகிரியில் பூஜை முடிந்த மறுவாரமே, வெளிநாட்டிலிருந்து பாகம் தருவிக்கும் வழிகளை அவர் விசாரிக்கத் தொடங்குகிறார். அதே வண்டி வைத்திருக்கும் இன்னும் சிலர் நகரில் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பழுதான பாகத்தின் எண்ணை மற்றவர் மனப்பாடமாகச் சொல்கிறார், ஒருவர் இரண்டாக வாங்கி ஒன்றை மற்றவருக்குக் கொடுக்கிறார். உற்பத்தியாளர் கடையைக் கட்டிய பிறகும் இவ்வண்டிகள் சாலையில் உயிரோடு உலவுவதற்கு இவர்களே காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வகையினரின் இயல்பை முழுமையாக அறிந்தவர் கூகட்பல்லித் தரகர்தான். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டு வருபவருக்கு அவர் விலையைக் குறைக்கிறார், ஏனெனில் அப்படி வருபவருக்கு ஊரில் நூறு கார்கள் உண்டு; டார்க் எவ்வளவு, அதாவது எஞ்சின் தரும் முறுக்குவிசை எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கேட்டு வருபவரிடம் ஒரு பைசாவும் குறைப்பதில்லை. அபார்த்துக்கு 212 என்ற விடையைக் கேள்விக்கு முன்பே அறிந்துவைத்திருக்கும் மனிதர் வேறெங்கும் போகமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.