சித்தி போட்ட மனு

புத்தர் யாரையும் வாசலோடு திருப்பி அனுப்பியவர் இல்லை. வெட்டிய விரல்களை மாலையாகக் கோத்துத் திரிந்த அங்குலிமாலன் வந்தபோதும் சேர்த்துக்கொண்டார். சாக்கிய இளவரசர்கள் கும்பலாகத் துறவு கேட்டு வந்தபோது, அவர்களுக்குச் சவரம் செய்துவந்த உபாலியைத்தான் முதலில் சேர்த்தார். அப்படிக் கேட்டவர்களும் இளவரசர்களேதான். சாக்கியருக்குத் திமிர் அதிகம், நேற்றுவரை தாடையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த ஆளை இன்று விழுந்து கும்பிட்டால் அது வடியும் என்பது அவர்கள் கணக்கு. சங்கத்தில் குலம் கிடையாது, கோத்திரம் கிடையாது. சீனியாரிட்டி ஒன்றுதான். யார் முதலில் மொட்டையடித்தாரோ அவர் பெரியவர்.

அன்று உபாலியைக் கும்பிட்ட இளவரசர்களில் ஆனந்தரும் ஒருவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மெமோ வாங்கப் போகிறவர் இவர்தான்.

இனி சித்தி. மகாபிரஜாபதி கௌதமி. புத்தரைப் பெற்றவள் மாயா, பிள்ளை பிறந்த ஏழாம் நாள் இறந்துபோக, தங்கை தூக்கி வளர்த்தாள். அவளும் சுத்தோதனரின் மனைவிதான். தாயின் தங்கை, தந்தையின் இளைய தாரம் என்று இரண்டு வழியிலும் சித்தி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நமக்கு விளக்கம் தேவையில்லை. தான் பெற்ற நந்தனைச் செவிலியிடம் கொடுத்துவிட்டு, அக்காள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள் என்கிறது மரபு.

அந்தப் பிள்ளை இரவோடு இரவாக வீட்டைவிட்டுப் போனான். ஞானம் பெற்றுத் திரும்பி வந்தவர், கல்யாண நாளும் அதுவுமாக நந்தன் கையில் பிச்சைப் பாத்திரத்தைக் கொடுத்து, அப்படியே மடத்துக்கு நடத்திக்கொண்டு போனார். பிறகு பேரன் ராகுலன். சுத்தோதனரும் காலமானார். வீட்டில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் காவி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், மிச்சமிருக்கிற பெண் பூட்டிய அரண்மனையில் யாருக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

கபிலவஸ்துவில் நியக்ரோத ஆராமத்துக்கு வந்து, பெண்களுக்கும் துறவு வேண்டும் என்று கேட்டாள். வேண்டாம் கௌதமி என்றார். மறுபடி கேட்டாள். மறுபடியும் வேண்டாம். மூன்றாவது தடவையும் அதேதான். காரணம் சொல்லவில்லை. பிறகு வைசாலிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

மனு தள்ளுபடியானால் மனுதாரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். சித்தி நாவிதரைத் தேடிப் போனாள். தலையை மழித்தாள், துவராடை உடுத்தாள், சாக்கியப் பெண்கள் பலரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பலர் என்றுதான் சங்கத்தின் விதிகளைச் சொல்லும் விநய நூல் சொல்கிறது. 500 என்று கணக்குச் சொன்னவர்கள் பின்னால் வந்தவர்கள். கபிலவஸ்துவிலிருந்து வைசாலி நேர்கோட்டில் பார்த்தாலே 200 கிலோமீட்டருக்கு மேல். அதுவரை பல்லக்கில் போன கால்கள். கூடாகார சாலையின் வாசலில் வந்து நின்றபோது பாதம் வீங்கியிருந்தது, உடம்பெல்லாம் புழுதி, கண்ணில் நீர். உள்ளே போகவில்லை, வெளியே நின்று அழுதாள். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இதைவிடப் பலமான ஆயுதம் கிடையாது.

ஆனந்தர் வெளியே வந்தார். சுத்தோதனர் அவருக்குப் பெரியப்பா, அந்த வகையில் கௌதமி பெரியம்மா. 

"என்ன பெரியம்மா, இப்படி வந்து நிக்கிறீங்க?"

"உள்ளே விடமாட்டேங்கிறானே உங்க அண்ணன்."

"இங்கேயே இருங்க. நான் பேசிப் பார்க்கிறேன்."

(இந்த வசனம் என் கைச்சரக்கு. விஷயம் விநய நூலின் சுல்லவக்கத்தில் இருப்பதுதான்.)

ஆனந்தரும் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அதே பதில். இந்த இடத்தில்தான் மனிதர் வக்கீலாக மாறினார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாலாவது தடவை கேட்காமல் கேள்வியைத் திருப்பிப் போட்டார். துறவு பூண்டால் ஒரு பெண்ணால் ஞானத்தின் படிகள் எல்லாம் ஏறி உச்சிவரை போக முடியுமா, முடியாதா? புத்தர் பொய் சொல்ல மாட்டார். முடியும் என்றார். அப்படியானால், உங்களுக்குப் பால் கொடுத்து வளர்த்தவளை வாசலில் நிறுத்திவைப்பது என்ன நியாயம்?

உலகத்து மதங்கள் பலவற்றில் பெண்ணால் முடியாது, அவள் படைப்பே அப்படி என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். இங்கே முடியும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, எட்டு நிபந்தனை போட்டார்கள். எனக்கென்னவோ முதல் வகைதான் நேர்மையான அநியாயம் என்று தோன்றுகிறது.

எட்டில் பிக்குகளைத் திட்டக் கூடாது என்று ஒன்று. பிக்குணிக்குப் பிக்கு அறிவுரை சொல்லலாம், பிக்குவுக்குப் பிக்குணி சொல்லக் கூடாது என்று ஒன்று. மற்றதெல்லாம் மழைக்காலத் தங்கல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆஜராவது, இத்தியாதி. முதலாவதுதான் மணியானது. துறவு பூண்டு நூறு வருஷம் ஆன பிக்குணியாக இருந்தாலும், இன்று காலையில் மொட்டையடித்துக்கொண்ட பையன் எதிரே வந்தால் எழுந்து நின்று கும்பிட வேண்டும்.

சீனியாரிட்டி எங்கே போயிற்று? நாவிதருக்கு முன்னால் இளவரசர்களைக் குனிய வைத்த அதே சட்டம்தான். ஜாதியை ஒரே நாளில் மடக்கிய சட்டம், சித்தியைப் பார்த்ததும் மடங்கிவிட்டது.

கௌதமி ஒப்புக்கொண்டாள். தலை குளித்த இளவயதுக்காரர் பூமாலையை இரு கையாலும் வாங்கித் தலையில் சூடிக்கொள்வதைப் போல ஏற்கிறேன் என்றாளாம். மொட்டைத் தலையுடன் நின்றுகொண்டு சொன்ன உவமை இது. உவமையை எழுதியவர் அவள் தலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். உள்ளே வந்தபின் ஒருநாள் ஆனந்தரைக் கூப்பிட்டு, அந்த முதல் நிபந்தனையை மட்டும் எடுத்துவிட்டு, சீனியாரிட்டிப்படி கும்பிடலாம் என்று கேட்டுச் சொல்லப்பா என்றாள். கேட்டார். கிடைக்கவில்லை. மாலை குத்தத் தொடங்கியிருந்தது.

போதாக்குறைக்கு ஒரு ஜோசியம் வேறு. பெண்கள் வராமல் இருந்திருந்தால் நல்லறம் 1,000 ஆண்டு நிற்கும், வந்துவிட்டதால் இனி 500தான் என்று புத்தர் சொன்னதாக நூல் எழுதிவைத்திருக்கிறது. ஆண் குறைந்த வீட்டில் திருடன் எளிதாகப் புகுவது போலவாம், நெல் வயலில் வெள்ளை நோய் விழுந்தது போலவாம், கரும்பில் சிவப்பு நோய் போலவாம். 500 முடிந்து, 1,000 முடிந்து, 2,000-மும் தாண்டிவிட்டது. பயிர் நிற்கிறது.

இந்தக் கதையே பிற்காலச் சேர்க்கையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஆதாரம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. எட்டில் ஒன்று, பயிற்சிப் பெண் இரண்டு வருஷம் பயின்றபின் இரு சங்கங்களிடமும் தீட்சை பெற வேண்டும் என்கிறது. முதல் பிக்குணியே இன்னும் வாசலில் நிற்கிறாள், அதற்குள் பிக்குணிச் சங்கம் எங்கிருந்து வந்தது? தவிர, பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் பத்தா குண்டலகேசி இருக்கிறாள். தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப்போன திருட்டுப் புருஷனை முந்திக்கொண்டு உருட்டிவிட்டவள், சாரிபுத்தரோடு வாதாடியவள், நம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தவள். அவளைப் புத்தர் பெயர் சொல்லி வரச் சொன்னார், அதுவே அவளுக்குத் தீட்சை. நிபந்தனைப் பட்டியல் எதுவும் நீட்டப்படவில்லை. ஆளைத் தள்ளிவிட்டவளிடம் நீட்டப் பயந்தார்களோ என்னவோ.

அதே தேரிகாதையில் சோமா. தியானத்தில் இருந்தவளிடம், மனதைக் கலைக்கும் மாரன் வந்து, இரண்டு விரல் அறிவுள்ள பெண்ணுக்கு ஞானமா என்று கேலி செய்கிறான். அதென்ன இரண்டு விரல்? உரைகாரர் விளக்குகிறார்: சின்ன வயதிலிருந்து சோறு வடிக்கிறவள், ஆனாலும் வெந்ததா என்று பார்க்க அகப்பையில் எடுத்து இரண்டு விரலால் நசுக்க வேண்டியிருக்கிறதாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நாம் அறிவுக்கு உதாரணமாகச் சொல்கிறோம், அவர் முட்டாள்தனத்துக்குச் சொல்கிறார். உரைகாரர் ஒருநாளும் அடுப்படிப் பக்கம் போகவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மனம் ஒருமைப்பட்டபின் ஆணென்ன பெண்ணென்ன என்று சோமா கேட்டதும் மாரன் வாடிப்போய் மறைந்தான்.

புத்தர் மறைந்ததும் ராஜகிருகத்தில் 500 பிக்குகள் கூடினார்கள். மகாகஸ்ஸபர் தலைமை. புத்தர் சொன்னதையெல்லாம் ஓதி முடித்ததும் ஆனந்தர்மேல் குற்றப் பத்திரிகை. சின்னச் சின்ன விதிகள் எவை என்று கேட்டுவைக்கவில்லை, தைக்கும்போது புத்தரின் ஆடையை மிதித்தாய், இன்னும் வாழச் சொல்லிக் கெஞ்சவில்லை. இன்னும் இரண்டு: புத்தரின் உடலைப் பெண்கள் முதலில் வணங்கவிட்டு, அவர்கள் கண்ணீர் பட வைத்தாய். பெண்களைச் சங்கத்தில் சேர்க்கப் பாடுபட்டாய். பெரியம்மா வாசலில் நின்று பல வருஷம் கழித்து வந்த மெமோ. அனுமதி கொடுத்தவர் உயிரோடு இருந்தவரை யாரும் மூச்சுவிடவில்லை. ஆனந்தரின் பதில் அரசு ஊழியர்கள் மனப்பாடம் செய்யத் தக்கது. இதில் தப்பு எதையும் நான் காணவில்லை, ஆனாலும் உங்கள்மேல் உள்ள மரியாதையால் தப்பு என்றே ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அசோகன் மகள் சங்கமித்தை போதிக் கிளையோடு இலங்கைக்குப் போய் அங்கே பிக்குணிச் சங்கத்தைத் தொடங்கினாள். அந்த மரபில் வந்த சிங்களப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனாவுக்குப் போய், 433 வாக்கில் நான்கிங்கில் சீனப் பெண்களுக்குத் தீட்சை கொடுத்தார்கள். இலங்கையில் பின்னால் அந்த மரபு அற்றுப்போனதில் நமக்கும் பங்குண்டு. 993-ல் ராஜராஜன் படை, 1017-ல் ராஜேந்திரன் படை. கங்கைகொண்டான் புகழ் பாடும்போது இதை நாம் விட்டுவிடுவோம். 1070-ல் சோழரை விரட்டிய விஜயபாகு, தீட்சை கொடுக்கப் போதிய பிக்குகள் இல்லையே என்று பர்மாவிலிருந்து ஆள் வரவழைத்தான். பிக்குணிகளுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. அப்புறம் சட்டம் பேசினார்கள்: பிக்குணியாக்கப் பிக்குணிகள் வேண்டும், பிக்குணிகள் இல்லை, ஆகவே முடியாது. முகவரிச் சான்றுக்கு முகவரிச் சான்று கேட்கும் கவுன்ட்டரில் நின்றவர்களுக்கு இது புரியும்.

1998-ல் புத்தகயாவில் தைவான் பௌத்தர்கள் நடத்திய விழாவில், சீன மரபுப் பிக்குணிகள் கையால் இலங்கைப் பெண்கள் தீட்சை பெற்றார்கள். 433-ல் கப்பலில் போன சரக்கு வட்டியில்லாமல் திரும்பி வந்தது. 2009-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரருகே நான்கு பெண்களுக்குத் தீட்சை நடத்திய அஜான் பிரம் என்ற பிக்குவை, தாய்லாந்தில் உள்ள அவருடைய தலைமை மடம் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பெண்களுக்குத் தீட்சை கொடுக்கக் கூடாது என்று 1928-ல் தாய்லாந்துச் சங்கராஜர் போட்ட உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை.