பணம் கட்டுவதற்கு முன் ஒரு கடிதம்

ஆர்ஹூஸ், டென்மார்க்

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கு எல்லாரும் தெம்பாக இருக்கிறீர்கள் என்பது நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தியின் சத்தத்திலேயே தெரிந்தது. உன் மகள், அதாவது என் மருமகள், அனுப்பிய நோட்டீஸையும் பார்த்தேன். வத்தலக்குண்டில் புதிதாக ஒரு பிளே ஸ்கூலாம். "டென்மார்க் நாட்டு ஹைஜி முறையில் இயற்கையோடு இணைந்த விளையாட்டுக் கல்வி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மாமா அதை ஹைஜீன் என்று படித்துவிட்டு, "கக்கூஸ் சுத்தமா இருக்கும் போல, சேத்துவிடுவோம்" என்றாராமே. அது ஹூகெ. ஆனால் மாமா பார்த்ததும் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீ பால்வாடி டீச்சர். உன் சொந்தப் பேரனை மட்டும் உன் மகள் வேறு இடத்தில் சேர்க்கப் பார்க்கிறாள். "நீ அந்த ஊர்லதானே இருக்க, அது என்ன எழவுன்னு சொல்லு" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். அங்கன்வாடியில் நீ டீச்சர் என்றால், இங்கே மழலையர் பள்ளியில் நான் ஆயா. மூன்றரை வருஷம் அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தான் இங்கே டீச்சர். என்னைப் போன்றவர்கள் மூக்குத் துடைப்போம், பூட்ஸ் மாட்டுவோம், பழம் நறுக்குவோம். நாலு வயசு வாண்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இங்க வா, மூக்கு ஒழுகுது" என்கிறது. ஆரம்பத்தில் சுருக்கென்றிருந்தது. இந்த நாட்டில் பிரதமரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது ஹூகெவுக்கு வருகிறேன். இங்கே டிசம்பரில் எட்டே முக்கால் வாக்கில் விடிந்து மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். நடுவில் வருவதையும் வெயில் என்று சொல்ல முடியாது, சூரியன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதோடு சரி. இந்த இருட்டில் மனுஷன் பைத்தியம் பிடிக்காமல் இருக்க, டேனிஷ்காரர்கள் பெரிய விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றி, நாலு பேர் நெருங்கி உட்கார்ந்து, சூடாக எதையாவது குடித்துக்கொண்டு, சண்டை வரக்கூடிய பேச்சை எடுக்காமல் பொழுதைப் போக்குகிறார்கள். அதுதான் ஹூகெ. 2012இல் நம் மின்வாரியம் இதைத் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இலவசமாகக் கொடுத்தது. நாம்தான் அருமை தெரியாமல் சாலை மறியல் செய்தோம்.

டேனிஷ்காரர்கள் இதை விற்பனைக்கென்று தொடங்கவில்லை, தாங்களாகச் செய்துகொண்டிருந்தார்கள். 2016இல் இங்கிலாந்தில் இதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக வந்தது. போர்வையும் கம்பளிக் காலுறையும் வாசனை மெழுகுவர்த்தியும் விற்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். மறு வருஷமே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. அந்தக் காற்று கடல் தாண்டி, மதுரை வழியாக, இப்போது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வரை அடித்திருக்கிறது. டேனிஷ்காரர்கள் நமக்குப் புதுசும் இல்லை. 1620இலேயே தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1845இல் அதை இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனவர்கள்தானே. அப்போது மிளகு வாங்க வந்தார்கள். இப்போது அவர்கள் பேரைச் சொல்லி நாமே நமக்கு விற்றுக்கொள்கிறோம்.

எங்கள் பள்ளியில் நடப்பதைச் சொல்கிறேன், கேள். காலையில் இருட்டோடு பிள்ளைகள் வருவார்கள். மேஜையில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒன்று, தோளில் ஒன்று, பக்கத்தில் இரண்டு என்று வைத்துக்கொண்டு கதை வாசிப்பார். பென்சிலைக் கையில் கொடுத்து எழுது எழுது என்று உயிரை வாங்குவது கிடையாது. ஆறு வயசில் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அதெல்லாம். யாரும் கத்துவதும் இல்லை. நான் வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில் ஒருநாள் ஒரு பையனைக் கூப்பிட்டேன், சக ஊழியர் ஓடி வந்து ஏதாவது விபத்தா என்று கேட்டார்.

கதை முடிந்ததும் வெளியே போக வேண்டும். மழை, காற்று, பனி எதுவும் சாக்கு இல்லை. வானிலையில் தப்பில்லை, போட்ட துணியில்தான் தப்பு என்பது இவர்கள் வேதம். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளாடை, கம்பளி, அதன் மேல் தலை முதல் கால் வரை ஒரே உறையாகத் தைத்த குளிருடை, தொப்பி, கையுறை, பூட்ஸ். கடைசிப் பிள்ளைக்கு ஜிப் போட்டு நிமிரும்போது முதல் பிள்ளை ஒன்றுக்கு வருகிறது என்று நிற்கும். அவ்வளவையும் கழற்ற வேண்டும். இந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம், அக்கா.

இதைவிட, கைக்குழந்தைகளின் மதியத் தூக்கத்தை நீ பார்க்க வேண்டும். தண்ணீர் உறைகிற குளிரிலும் தள்ளுவண்டியில் போர்த்திப் படுக்கவைத்து முற்றத்தில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். வீடியோ காலில் இதைப் பார்த்த அம்மா, "அடப் பாவிகளா, பிள்ளைகளைக் கொல்லப் போறானுக, தூக்கி உள்ள போடுடா" என்று அழ ஆரம்பித்துவிட்டது. உள்ளே போட்டால் என் வேலை போய்விடும். 1997இல் ஒரு டேனிஷ் தாய் நியூயார்க்கில் ஓட்டலுக்கு வெளியே குழந்தையை வண்டியோடு நிறுத்திவிட்டு உள்ளே சாப்பிடப் போனதற்கு அமெரிக்கப் போலீஸ் கைது செய்தே விட்டது. இந்த நாடே அன்றைக்குத் திகைத்துப் போனது.

அம்மாவிடம் ஒன்று கேள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூவெடுக்கப் போகிறவர்கள் வேப்பமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுத்தானே வேலை பார்த்தார்கள்? நாமும் அப்படி வளர்ந்தவர்கள்தானே? இப்படிச் சொன்னதும் மாமா, "எல்லாம் நம்ம முன்னோர் அப்பவே செஞ்சது" என்று எழுந்துவிடுவார். அவரை உட்காரச் சொல். தூளி கட்டியவளுக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வர வேறு இடம் இல்லை, கூலியை விடவும் முடியாது. இங்கே பெற்றவள் சம்பளத்துக்குப் போயிருக்கும்போது, அவள் கட்டும் வரிப்பணத்தில், படித்த ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

வாரத்தில் ஒரு நாள் காட்டுக்குப் போவோம். காடு என்றால் நம் பூம்பாறைப் பக்கத்துக் காட்டை நினைக்காதே. இந்த நாட்டின் மிக உயரமான இடமே 171 மீட்டர்தான். நம் பஸ் ஸ்டாண்டு அதைவிட உயரம். அந்தக் காட்டில் நாலு வயசுப் பிள்ளை நிஜக் கத்தியால் குச்சி சீவும். தீ மூட்டி, பச்சை மாவைக் குச்சியில் சுற்றி, பிள்ளைகளே வாட்டித் தின்பார்கள். வெளியே கரி, உள்ளே மாவு. அந்த ருசிக்கு ஈடே இல்லை என்று அவர்கள் சொல்வார்கள், நான் ஊறுகாய் தொட்டுக்கொள்வேன். மரம் ஏற ஒரே ஒரு சட்டம்: தானாக எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவு ஏறலாம், பெரியவர்கள் தூக்கிவிடக் கூடாது. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு இறங்கவும் தெரியும் என்பது கணக்கு. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் இவர்களிடம் ஒரு வரலாறு உண்டு. 1943இல் ஜெர்மன்காரன் நாட்டைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில், கோபன்ஹேகனில் எம்ட்ரூப் என்ற இடத்தில் ஒரு விளையாட்டு மைதானம் திறந்தார்கள். அதில் ஊஞ்சல், சறுக்குமரம் எதுவும் இல்லை. பலகை, செங்கல், ஆணி, பழைய சாமான்கள்தான். பிள்ளைகளே வீடு கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். யோசனை சொன்னவர் சோரென்சென் என்ற தோட்ட வடிவமைப்பாளர். அவர் கட்டிக்கொடுத்த அழகான பூங்காக்களைவிட, கட்டடம் எழும்பும் இடத்தில் கிடந்த கழிவுச் சாமான்களில்தான் பிள்ளைகள் அதிகம் விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். 1950களில் எலா ஃப்ளாட்டாவ் என்ற அம்மா தினமும் பிள்ளைகளைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் காட்டுப் பள்ளிகள் கிளம்பின. இன்றைக்கும் கோபன்ஹேகனில் காலையில் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி, ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

ஆனால் இதற்காக மருமகள் டென்மார்க்கை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறுக்கு வந்தார். போர் வந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை இருந்தது நம் தலைக்கு மேலே, கொடைக்கானலில். மலையில் இலை, பூச்சி, செடி என்று பிள்ளைகளோடு பார்த்துப் பார்த்துத்தான் அவருடைய இயற்கைப் பாடம் முழு உருவம் எடுத்தது. கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலை ஏறியிருந்தால் வத்தலக்குண்டைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர், சி.சு. செல்லப்பா வாழ்ந்த ஊர் என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த வரிசையில் மாண்டிசோரி கடந்துபோன ஊர் என்று இதையும் சேர்த்துக்கொள்ளலாம். உன் அங்கன்வாடியே திறந்த வெளியில் பிறந்ததுதான். 1945இல் மகாராஷ்டிரத்தில் போர்டி என்ற ஊரில் தாராபாய் மோடக் ஏழைப் பிள்ளைகளின் குடியிருப்புக்கே போய், முற்றத்தில் வைத்து, கூழாங்கல், இலை, கிளிஞ்சல் கொண்டு சொல்லிக்கொடுத்தார். அரசாங்கம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கு வேர் அங்கேதான்.

சரி, உன்னிடம் மரம் இருக்கிறது, மணல் இருக்கிறது, "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று மாத வாரியாகப் பாடத்திட்டமும் இருக்கிறது. இல்லாதது ஆள். இங்கே 2024 ஜனவரி 1 முதல் சட்டமே வந்துவிட்டது: மூன்று வயசுக்குள் இருந்தால் மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் ஆறு பிள்ளைக்கு ஒருவர். அந்தந்த ஊராட்சியின் சராசரிக் கணக்கு அது. சும்மா வரவில்லை. 2019இல் பெற்றோர்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வீதியில் இறங்கிப் போராடி வாங்கியது. செலவில் கால் பங்குக்கு மேல் பெற்றோரிடம் வாங்கக் கூடாது, மிச்சம் ஊராட்சி கொடுக்கிறது. அத்தனை பேர் இருப்பதால்தான் எங்கள் டீச்சருக்கு மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு கதை சொல்ல முடிகிறது. மெழுகுவர்த்தி வெறும் மெழுகுவர்த்திதான் அக்கா.

உன் நிலைமை எனக்குத் தெரியாதா? நீ ஒருத்தி, சமைக்க ஒரு ஆயா. எடை போட வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளின் பதிவேடு, போஷன் டிராக்கர் செயலியில் போட்டோ, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். இதற்கு நடுவே நீ தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லி யாராவது கூப்பிடுவார்கள். மூன்று முதல் ஆறு வயசுக்கு இருபது பிள்ளைக்கு ஓர் ஆள் என்று 2013இல் மத்திய அரசே கொள்கையில் எழுதியது. மற்ற வேலையை நடுவில் இழுத்துவிட்டால் அந்தக் கணக்கும் காகிதத்தில்தான்.

இப்போது அந்த நோட்டீஸைத் திருப்பிப் பார்ப்போம். பச்சைப் பிளாஸ்டிக் புல்தரை. சுவரில் சாயம் பூசிய மரம், அதில் சீரியல் லைட். ஏசி. வருஷக் கட்டணம் போட்டிருக்கும் இடத்தில் எழுத்து மட்டும் சின்னதாகிவிட்டது. ஒரு மிஸ்ஸுக்கு முப்பது பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டு வந்தது மருமகள்தான், கூடவே "வெளிய விடமாட்டாங்க, சேஃப்டியா இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னதும் அவள்தான். வெளியே விடாத இயற்கைக் கல்வியை டென்மார்க்கில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

உன்னால் முடிந்ததைச் செய். டென்மார்க் போலவே செய்ய முடியாது. நம் சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு வெளியே விட்டால் பிள்ளை வாடிவிடும், பூச்சி பொட்டு வேறு. காலை ஒன்பது மணிக்குள் முற்றத்தில் மணலை நனைத்துப் போடு. கிச்சுக் கிச்சுத் தாம்பாளம், சொப்புச் சமையல், பூவரச இலைப் பீப்பி எல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தரம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஐந்தாறு பேராகக் கூட்டிப் போ. அகத்தி நிழலில் ஏசி தோற்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் பிள்ளைகளுக்கு மண்ணும் காலில் படும். கொடிக்காலுக்குச் சொந்தக்காரரிடம் மாமா சொன்னால் கேட்பார். கூட நடக்க இரண்டு தாய்மார்களை முறை போட்டு வரச் சொல்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. குளிர்காலம் முழுக்கச் சளி ஒருத்தர் விட்டு ஒருத்தருக்கு. காட்டுக்குப் போய் வந்தால் தோலில் ஒட்டிக்கொள்ளும் உண்ணியைத் தேடிப் பிடுங்க வேண்டும். மதியச் சாப்பாடு குளிர்ந்த கறுப்பு ரொட்டியில் ஈரல் பசை. படித்த டீச்சர் கிடைக்காமல் என்னைப் போன்ற ஆட்களை வைத்து ஓட்டும் நாட்களும் உண்டு.

மருமகளிடம் சண்டை போடாதே. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நீயே போ, மாமாவையும் கூட்டிப் போய்க் கக்கூஸைப் பார்க்கச் சொல். ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளை, தினமும் எவ்வளவு நேரம் வெளியே, ஐப்பசி மழையில் நனையவிடுவார்களா, இந்த மூன்றைக் கேள். ஒழுங்கான பதில் வந்தால் தாராளமாகச் சேர்த்துவிடலாம், என் பங்குக்கு ஒரு மழைக்கோட்டு அனுப்புகிறேன். ஒரு மிஸ், முப்பது பிள்ளை, பூட்டிய கதவு என்றால் உன் பால்வாடியே மேல். அங்கே முட்டையாவது கிடைக்கும்.

அன்புத் தம்பி